இசைத்தட்டில் பெயர் இல்லாத கிட்டார்க்காரர் எப்படிப் பிழைத்தார்?

கேள்வி இரண்டே வரிதான்: "1950-களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள் பலவற்றில் மிக்கி பேக்கர்தான் கிட்டார் என்கிறார்கள். அவருக்கு ராயல்டி வந்ததா? வந்திருந்தால் ஏன் பிரான்ஸுக்குப் போனார்?" கூடவே, நீங்களும் கிட்டார் வாசிப்பவர், அந்தப் பாணியைப் பழக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் உண்மையில் கேட்பது, செஷன் கிட்டார், அதாவது கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவர் பாட்டின் ஒலிப்பதிவில் வாசிப்பது, அந்தக் காலத்தில் எப்படிப்பட்ட தொழில், அதில் எதற்குக் காசு கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பது. முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: மற்றவர்கள் பாட்டில் வாசித்ததற்கு ராயல்டி கிடையாது. அட்டையில் தன் பெயர் இருந்த பாட்டுக்கும், தன் பெயர் போட்ட புத்தகத்துக்கும் கணக்கு வேறு. பேக்கரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு போதும்.

கூலியிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி ஒரு செஷன் என்பது மூன்று மணி நேரம். நம் ரெக்கார்டிங் தியேட்டர்களில் கால்ஷீட் என்பார்களே, அந்த மாதிரிதான். அந்த மூன்று மணி நேரத்துக்குள் வழக்கமாக நான்கு பாட்டு முடிந்தாக வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் சங்கக் கூலி 41.25 டாலர். செஷன் தலைவருக்கு இரட்டிப்பு, அதாவது 82.50. நான்கால் வகுத்தால் ஒரு பாட்டுக்குப் பத்து டாலர் சொச்சம். அந்தப் பாட்டு ஆயிரம் தட்டு விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் அதே பத்து டாலர்தான். இதைக் கேட்டவுடன் பாவம் என்று தோன்றும், ஆனால் கணக்கு அவ்வளவு எளிதல்ல. 1955 வாக்கில் ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 4,400 டாலர். வாரத்துக்கு நான்கு செஷன் கிடைத்த கிட்டார்க்காரர் ஆண்டு முழுவதும் அப்படியே கிடைத்தால் அதைப்போல் இரண்டு மடங்கு பார்த்திருப்பார். சிக்கல் அந்த "கிடைத்தால்" என்ற சொல்லில்தான். மேலும், இது சங்கக் கூலியை முறையாகக் கொடுத்த கம்பெனிகளின் கணக்கு. சிறு கம்பெனிகள் பல, சங்கத்துக்குத் தாள் அனுப்பாமல் கையில் கொஞ்சம் காசு கொடுத்து அனுப்பிவிடும்.

சங்கமும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. நியூயார்க்கின் 802-ஆம் கிளையில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே இருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பருக்கென்று தனியாக இருந்த 767-ஆம் கிளை 1953-ல்தான் 47-ஆம் கிளையோடு இணைந்தது. சிகாகோவின் 208-ஆம் கிளை 1966 வரை தனியாகவே இருந்தது. எந்தச் செஷனுக்கு யாரைக் கூப்பிடுவது என்பது கிளைக்குள் இருக்கும் பழக்கத்தைப் பொறுத்தது என்பதால், இந்தப் பிரிவு வெறும் அலுவலக விஷயம் அல்ல, வேலை வாய்ப்பு விஷயம்.

இனி ராயல்டி ஏன் இல்லை என்பது. இதில் சட்டம், ஒப்பந்தம் என்று இரண்டு அடுக்கு உண்டு. அன்றைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1909-ஆம் ஆண்டுச் சட்டம். அது காத்தது பாட்டை, அதாவது மெட்டையும் வரிகளையும். பதிவு செய்யக் கொடுக்க வேண்டியது எழுதிய ஸ்வரத்தாள். இசைத்தட்டைக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். ஆகவே பாட்டைப் பதியும்போது மெட்டு, வரிகள், மேலே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) பெயர்கள் என்று ஒரு தாள் போகும். கிட்டார்க்காரர் ஸ்டுடியோவில் நின்றபடி போட்ட இசைத் துண்டு, அதுவே பாட்டின் அடையாளமாக ஆகியிருந்தாலும், அந்தத் தாளில் இருக்காது. தட்டில் பதிந்த ஒலிக்கு நாடு தழுவிய பதிப்புரிமையே 1972 பிப்ரவரி 15-க்குப் பிறகு பதிவானவற்றுக்குத்தான் வந்தது. அதுவும் பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. அமெரிக்க வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் உண்டு, பாடியவருக்கே கிடையாது. அப்புறம் எங்கே கிட்டார்க்காரருக்கு?

ஒப்பந்த அடுக்கு இன்னும் விசித்திரமானது. 1948-லிருந்து தட்டு விற்பனையில் ஒரு சிறு தொகையைக் கம்பெனிகள் ஓர் அறக்கட்டளை நிதியில் கட்டின. தட்டில் வாசித்தவருக்கு அந்த நிதியிலிருந்து காசு வராது. இலவசப் பொதுக் கச்சேரிகள் நடத்தி, வேலையில்லாத மற்றக் கலைஞர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் அது. பதிவு இசை மேடைக் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுக்கிறது என்பது சங்கத்தின் வாதம். ஸ்டுடியோவே பிழைப்பாக இருந்தவர்களுக்கு இது எரிச்சல் மூட்டியதில் வியப்பில்லை. 1958-ல் லாஸ் ஏஞ்சலஸ் கலைஞர்கள் பிரிந்து போய்ப் போட்டிச் சங்கமே தொடங்கினார்கள். 1960-களின் நடுவில்தான் செஷன் கலைஞர்களுக்கென்று தனி நிதி வந்தது. அதுவும் முந்தைய சில ஆண்டுகளில் நீங்கள் வாங்கிய செஷன் கூலியின் விகிதத்தில் பிரித்துத் தருவது. எந்தப் பாட்டு ஓடியது என்ற பேச்சு அதில் இல்லை. இணைய வானொலிக்கு 1995 சட்டம் கொண்டுவந்த பங்கில் பெயரில்லாக் கலைஞர்களுக்கு ஐந்து சதவீதம் ஒதுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 1972-க்கு முந்தைய பதிவுகள் நாடு முழுவதும் அந்த வரம்புக்குள் வந்தது 2018-ல். பேக்கர் இறந்தது 2012 நவம்பரில்.

அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். மக்ஹூஸ்டன் பேக்கர், 1925 அக்டோபர் 15, கென்டக்கி மாநிலம் லூயிவில். சிறு வயதில் அனாதை இல்லத்தில் வளர்ந்து, அங்கிருந்து பலமுறை ஓடி, பதினாறு வயது வாக்கில் நியூயார்க் சேர்ந்தார். டிரம்பெட் வாங்கத்தான் அடகுக் கடைக்குப் போனார். கையிலிருந்த பணத்துக்குக் கிட்டார்தான் கிடைத்தது. ஜாஸ் வாசிக்க ஆசைப்பட்டு ஒரு குழு வைத்தார், அது சோறு போடவில்லை. கலிபோர்னியா போனபோது பீ வீ க்ரேட்டன் எலெக்ட்ரிக் கிட்டாரில் ப்ளூஸ் வாசிப்பதையும், அதற்குக் கிடைத்த வரவேற்பையும் பார்த்தார். பிறகு நியூயார்க் திரும்பி அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். ஜாஸ் தெரிந்த விரல்களோடு ப்ளூஸ் வாசித்தவர் என்பதுதான் அவருக்கு ஸ்டுடியோவில் இருந்த மதிப்பு. கார்ட் தாள் கொடுத்தாலும் வாசிப்பார், "இந்த இடத்தில் கொஞ்சம் அழுக்காக வை" என்றாலும் புரிந்துகொள்வார். அட்லாண்டிக், சவாய், கிங் ஆகிய கம்பெனிகளின் நியூயார்க் செஷன்களில் அவர் நிறைய வாசித்தார் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

எந்தெந்தப் பாட்டு என்று இறங்கினால்தான் நிலம் வழுக்கும். ரே சார்ல்ஸ், ரூத் ப்ரவுன், பிக் ஜோ டர்னர், த ட்ரிஃப்டர்ஸ் ஆகியோரின் 1953–54 அட்லாண்டிக் பாட்டுகளில் அவர் பெயர் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலானவை சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தக் காலத் தட்டின் லேபிளில் இருந்தது பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், பதிப்பாளர். மிஞ்சிப் போனால் யாருடைய ஆர்கெஸ்ட்ரா என்று ஒரு வரி. கிட்டார்க்காரரின் பெயர் பின்னாளில் ஆய்வாளர்கள் சேர்த்தது. சங்கத்துக்கு அனுப்பிய கூலித் தாள், கம்பெனிக் கணக்குப் புத்தகம், முதியவர்களின் நினைவு, இந்த மூன்றிலிருந்து. கூலித் தாள் இருந்தால் நம்பலாம், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கடைசி நேரத்தில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்திருக்கலாம், இரண்டு கிட்டார் இருந்த செஷனில் தனித் துண்டு யாருடையது என்று தாள் சொல்லாது. நினைவு மட்டும்தான் ஆதாரம் என்றால் பாதி நம்புங்கள். காதால் கேட்டு "இது பேக்கர்தான்" என்று அடித்துச் சொல்பவர்களை அதையும்விடக் குறைவாக நம்புங்கள். அந்தக் கூர்மையான, சற்றே கீறும் ஒலியை அன்று நியூயார்க்கில் இன்னும் சிலரும் வைத்திருந்தார்கள்.

வேலை எப்படி நடந்தது என்பது எனக்குப் பணத்தைவிடச் சுவையான பகுதி. அட்லாண்டிக்கின் ஸ்டுடியோ மேற்கு 56-ஆம் தெருவில் 234-ஆம் எண் கட்டடத்தில் இருந்த அலுவலக அறைதான். மாலையானதும் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மைக் வைப்பார்கள். ஒலிப்பதிவு டாம் டவுட், இசைக் கோர்ப்பு பெரும்பாலும் ஜெஸ்ஸி ஸ்டோன். எட்டுத் தடம் கொண்ட, அதாவது எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் ஆம்பெக்ஸ் கருவி 1958-ல்தான் அங்கே வந்தது. அதுவரை அடிப்படையில் ஒரே தடம், எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். இதன் விளைவுகளை யோசித்துப் பாருங்கள். பாடகர் கடைசிச் சுற்றில் அருமையாகப் பாடிக்கொண்டிருக்கும்போது பதினோராவது பாரில் (பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு தாள அளவு) கிட்டார்க்காரரின் விரல் தவறினால் எட்டுப் பேரின் உழைப்பும் வீண், மறுபடி முதலிலிருந்து. கிட்டார் சத்தம் அதிகம் என்றால் பிறகு குறைக்க வழியில்லை, ஆம்ப்ளிஃபையரைத் தள்ளி வைக்க வேண்டும் அல்லது திருப்பி வைக்க வேண்டும். ஆம்பின் இரைச்சல் பாடகரின் மைக்கில் ஏறும். இப்படிப்பட்ட அறையில் மீண்டும் கூப்பிடப்பட்டவர் மிக வேகமாக வாசிப்பவர் அல்ல, இரண்டாவது டேக்கிலேயே பிசகில்லாமல் முடிப்பவர். மூன்று மணி நேரம் தாண்டினால் கம்பெனிக்குக் கூடுதல் கூலி என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது ஸ்ருதி. சாக்ஸஃபோன்களுக்கு வசதியானவை பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட், எஃப் போன்ற ஸ்ருதிகள். கிட்டாருக்கு அவற்றில் திறந்த தந்திகளால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. வீட்டில் ஈ, ஏ ஸ்ருதிகளில் ப்ளூஸ் பழகியவர் ஸ்டுடியோவில் தடுமாறுவது இங்கேதான். ஆகவே எல்லாமே நகர்த்தக்கூடிய வடிவங்கள். பி-ஃப்ளாட்டில் பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்றால் ஆறாம் தந்தி ஆறாம் ஃப்ரெட்டில் தாயகம், அதாவது அடிப்படைக் கார்டின் இடம். ஈ-ஃப்ளாட் ஒன்பது என்ற கார்டுக்கு ஐந்தாம் தந்தியில் ஆறாம் ஃப்ரெட், நான்காம் தந்தியில் ஐந்து, மீதி மூன்று தந்திகளிலும் ஆறு. அதே வடிவத்தை இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் எஃப் ஒன்பது. கை ஒரே இடத்தில் நிற்கிறது, மூன்று கார்டும் கிடைக்கிறது. ஈ-ஃப்ளாட் ஒன்பதின் மேல் மூன்று தந்திகளை மட்டும் எட்டாம் ஃப்ரெட்டுக்குச் சறுக்கினால் அது ஈ-ஃப்ளாட் ஆறாகும், திரும்பச் சறுக்கினால் பழையபடி ஒன்பது. ப்ளூஸ் கிட்டார்க்காரர் டி-போன் வாக்கர் வழியில் வந்த இந்த ஒரு சறுக்கல் அந்தக் காலத்து எத்தனையோ பாட்டுகளில் இருக்கிறது.

அன்றைய பாட்டில் கிட்டாருக்கு மூன்று வேலை. முதலாவது, இரண்டாம் நான்காம் அடிகளில் டிரம்ஸின் ஸ்னேரோடு ஒட்டி ஒரு வெட்டு. மேல் மூன்று நான்கு தந்திகள் மட்டும், அடித்த உடனே இடக்கையைத் தளர்த்தி ஒலியை நிறுத்த வேண்டும். ஆறு தந்தியையும் அடித்தால் பியானோவின் இடக்கையோடும் பாரிடோன் சாக்ஸோடும் மோதிச் சேறாகிவிடும். இரண்டாவது, பாஸ் வரியைக் கீழ்த் தந்திகளில் அடக்கிய ஒலியில் கூடவே வாசிப்பது. நியூ ஆர்லியன்ஸில் கொஸிமோ மடாஸாவின் ஸ்டுடியோவில் டேவ் பார்தலமியூ கோர்த்த பாட்டுகளில் கிட்டார், பாஸ், சாக்ஸ் எல்லாம் ஒரே வரியைப் பிடிப்பதால்தான் அந்தக் கனம். தனியாகக் கிட்டாரைக் கேட்கவே முடியாது, எடுத்துவிட்டால் பாட்டு மெலிந்துபோகும். மூன்றாவது, பாடகர் விடும் இடைவெளியை நிரப்புவது. பன்னிரண்டு பார் ப்ளூஸில் நான்கு பார் கொண்ட மூன்று வரிகள், ஒவ்வொன்றிலும் பாட்டு சுமார் இரண்டு பார், மீதி இரண்டு பார் பதிலுக்கு. அந்த இடத்தில் இரண்டு மூன்று ஸ்வரங்கள் போதும். பாடகர் அடுத்த வரியை எடுக்கும் முன்பே வாயை மூடிவிட வேண்டும். தனி வாசிப்பு? 1950-களின் தொடக்கத்தில் அது டெனர் சாக்ஸின் சொத்து. கிட்டாருக்குப் பன்னிரண்டு பார் கிடைத்தால் அன்று நல்ல நாள். 1956-ல் பில் டாகெட் குழுவின் ஆர்கன்–சாக்ஸ் பாட்டு ஒன்றில் பில்லி பட்லரின் கிட்டார் முன்னுக்கு வந்து நாடே கேட்டது என்றால், காற்று மெல்ல மாறிவிட்டிருந்தது என்று பொருள்.

தந்திகளைப் பற்றியும் ஒரு சொல். அன்றைய செட்டில் மூன்றாம் தந்தி சுற்றுக் கம்பி, முதல் தந்தியும் இன்றைவிடத் தடிமன். வளைக்க முயன்றால் விரல்தான் வளையும். சிலர் முதல் தந்திக்கு பாஞ்சோ கம்பி போட்டு மற்றவற்றை ஓரிடம் கீழே தள்ளிக்கொண்டார்கள். அதனால் அந்தக் காலப் பதிவுகளில் வளைவுகள் பெரும்பாலும் அரை ஸ்வரத்தோடு நிற்கும், மீதியைச் சறுக்கலால் சமாளிப்பார்கள். இன்றைய மெல்லிய தந்தியில் அதே துண்டை வாசித்தால் ஏதோ குறைவது இதனால்தான்.

பேக்கரின் பெயர் அட்டையில் வந்த கதைக்கு வருவோம். அவரிடம் கிட்டார் பழக வந்தவர் சில்வியா வாண்டர்பூல். கிட்டாரும் பாட்டுமாகக் கலக்கிய லெஸ் பால்–மேரி ஃபோர்டு ஜோடியின் வெற்றியைப் பார்த்து, அதே அச்சில் மிக்கி அண்ட் சில்வியா என்று ஜோடி சேர்ந்தார்கள். 1956 இறுதியில் ஆர்சிஏவின் துணை நிறுவனமான க்ரூவ் வெளியிட்ட 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் பதினொன்று. 1987-ல் 'டர்ட்டி டான்ஸிங்' படத்தில் வந்து இன்னொரு தலைமுறைக்கும் தெரிந்தது. இந்தச் சில்வியாதான் பின்னாளில் சில்வியா ராபின்சனாகி ஷுகர் ஹில் என்ற ராப் கம்பெனியைத் தொடங்கியவர்.

ஆனால் இந்தப் பாட்டின் கிட்டார் துண்டுக்கு இன்னொரு உரிமையாளர் இருக்கிறார். சிகாகோவில் செஸ் கம்பெனியின் செஷன்களில் வாசித்த ஜோடி வில்லியம்ஸ், பில்லி ஸ்டூவர்ட்டின் 'பில்லிஸ் ப்ளூஸ்' என்ற தட்டில் ஏறக்குறைய அதே துண்டை 1956-லேயே வாசித்திருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் குடும்பச் சாயல் தெரியும். 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' எழுதியதில் பாடகரும் கிட்டார்க்காரருமான போ டிட்லிக்குப் பங்கு, தன் பெயருக்குப் பதில் மனைவி எத்தல் ஸ்மித்தின் பெயரைப் போட்டார். வில்லியம்ஸோ போ டிட்லியோடு சுற்றியவர். துண்டு யாருடையது என்ற வழக்கு நீதிமன்றம் போய், 1961-ல் மீறல் இல்லை என்று தீர்ந்தது. ஸ்வரத்தாளைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொண்டால் இந்த முடிவு வியப்பளிக்காது. இசைக்காரன் காதுக்கு அது அநியாயம் என்பது என் கட்சி. வில்லியம்ஸ் மெல்ல இசையை விட்டு விலகி, மின்னணுவியல் படித்து, ஜெராக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, 2000-க்குப் பிறகுதான் மேடைக்குத் திரும்பினார். ஆக, உங்கள் கேள்வியில் பேக்கர் ஏமாந்தவராக வருகிறார். இந்த ஒரு பாட்டில் அவர் மறுபக்கம் நிற்கிறார்.

அவர் ஏன் போனார்? 1960-களின் முற்பகுதியில் பிரான்ஸில் குடியேறினார், ரோனி பேர்ட், ஷாண்டால் கோயா போன்ற பிரெஞ்சுப் பாடகர்களோடு வேலை செய்தார், துலூஸ் அருகே இறந்தார், இவை உறுதி. அமெரிக்க இசைத் தொழில் மீதும் அங்கிருந்த நிறவெறி மீதும் சலிப்பு என்று சொல்வது பொருத்தமாகவே இருக்கிறது. ராயல்டி வராததால் போனார் என்று நேர்கோடு போட மட்டும் மாட்டேன். சந்தையும் மாறிக்கொண்டிருந்தது. டெட்ராய்ட், மெம்ஃபிஸ் என்று வேலை நகர்ந்தது. அங்கே கம்பெனிகளுக்கு நிரந்தர வீட்டுக்குழு இருந்தது, நியூயார்க்கில் தனியாளாக செஷன் செஷனாக ஓடியவர்களுக்கு இடம் சுருங்கியது.

கடைசியாக, பழகும் விஷயம். பேக்கர் 1955-ல் வெளியிட்ட ஜாஸ் கிட்டார் பாடப்புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. ராயல்டி இல்லாத தொழிலில் இருந்தவர் தன் பெயரில் விற்கக்கூடிய ஒன்றை அவ்வளவு முன்பே செய்துவைத்தது கெட்டிக்காரத்தனம். அது கார்ட் வடிவங்களை எண் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லித் தொடங்கும். விளக்கம் குறைவு, நிறையப் பேர் முதல் சில பக்கங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். அவசரப்படாமல் ஒரு நாளைக்கு இரண்டு வடிவம் எடுத்து, மேலே சொன்ன பி-ஃப்ளாட் பன்னிரண்டு பாரில் பொருத்திப் பாருங்கள். மெட்ரனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து அதன் தட்டை இரண்டாம் நான்காம் அடிகளாக எண்ணுங்கள், பாட்டின் வேகம் 120 ஆகும். வெட்டு மட்டும், மேல் மூன்று தந்திகள் மட்டும், மூன்று நிமிடம் நிற்காமல். போனில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் வெட்டு தட்டை மறைத்துவிட்டால் சரியாக இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலும் நீங்கள்தான் முந்துகிறீர்கள்.